படுக்க இடம் கேட்டவன்

"நல்லா தூங்கினேன்," என்றான் லம்ஜத்.

நெசீஹா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். காபி பொங்கி வர இன்னும் நேரமிருந்தது. நேற்று இரவு பதினொன்றரைக்குத் தொடங்கி, கீழே தெருவில் மீன் வண்டிகள் துறைமுகத்துக்குப் போகிற நேரம் வரை, அவன் நடைவழியில் வெறுங்காலோடு நடந்ததை அவள் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். படுக்கையறைக் கதவிலிருந்து கூடத்துத் திரை வரை பதினோரு அடி. திரும்பப் பதினோரு அடி. நடுவில் எங்கோ நின்று இருமுவான். இருமி ஓய்ந்ததும் சுவரில் கையை ஊன்றிக்கொள்வான். சுண்ணாம்பில் உள்ளங்கை உரசுவது, இருட்டில் யாரோ துணி கிழிப்பதுபோல மெல்லக் கேட்கும். அத்தனையும் கேட்டுவிட்டு, குளித்துத் தலை வாரிக்கொண்டு வந்து நிற்கிறவனை நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்படியா?"

"கல்லு மாதிரி. ஒரு கனவுகூட இல்ல."

டாக்டருக்குப் பயந்து சொல்கிற பொய் என்று அவள் நினைத்துக்கொண்டாள். காபியில் ஒரு சொட்டு ஆரஞ்சுப் பூத்தண்ணீர் விட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான். கண்ணுக்குக் கீழே ஒரு கருப்பும் இல்லை. அதுதான் அவளுக்குப் பொருந்தவில்லை.

லம்ஜத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தின் பழைய கரையில், மீன்பிடிப் படகுகளின் வயிற்றுக்குள் படுத்துக்கொண்டு முப்பது வருடம் வெல்டிங் அடித்தவன். அந்தப் புகை போதாதென்று சிகரெட். பிப்ரவரியில் வலது நுரையீரலில் கட்டி என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து மருந்து ஏற்றினார்கள். ஜூலை வரை கட்டி இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது. அவனுக்கோ இரவில் கண் மூடவில்லை. கண் அயரும் நொடியில் மூச்சு நின்றுவிடுவதுபோல ஒரு திடுக்கிடல்; எழுந்து உட்கார்ந்துவிடுவான். பிறகு விடியும்வரை நடைதான்.

ஜூலையில் டாக்டர் இப்திஹால், அவர்கள் மகளைவிடச் சில வயதே மூத்தவள், நுரையீரல் படங்களை உறையில் போட்டு வைத்துவிட்டு, மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'ஸி' சேர்த்துக் கேட்டாள்: "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறீங்க, ஸி லம்ஜத்?"

"தூக்கமா? அது என்ன விட்டுப் போய் நாலு மாசமாச்சு. வழியில எங்கயாவது பாத்தா வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த மருந்து கட்டிய நேரா போய் அடிக்கறதில்ல. உங்க ஒடம்போட காவக்காரங்களத்தான் தட்டி எழுப்புது. நீங்க தூங்கும்போதுதான் அவங்க ஒழுங்கா வேலை பாக்கறாங்கன்னு நினைக்கறோம். தூக்கம் கெட்டவங்களுக்கு மருந்து அவ்வளவா கேக்கறதில்லன்னு பல ஊர்லயும் பாத்து எழுதியிருக்காங்க. எது எத இழுக்குதுன்னு யாருக்கும் உறுதியா தெரியாது, மதாம் நெசீஹா. தூக்கம் கெட்டதால நோய் முத்துதா, நோய் முத்தறதால தூக்கம் கெடுதா. ஆனா நான் தூக்கத்த சும்மா விடப்போறதில்ல."

இரவு பத்தரைக்குப் படுக்கை. மதியத்துக்குப் பிறகு தேநீர் கிடையாது. பாதி மாத்திரை. இருவரும் தனித்தனியே படுக்க வேண்டும், ஒருவர் அசைவில் மற்றவர் விழிக்கக் கூடாது. மணிக்கட்டில் ஒரு பட்டை. தூங்குகிறானா புரளுகிறானா என்று அதுவே குறித்துக்கொள்ளும். ஆறு வாரம் கழித்துக் கொண்டுவர வேண்டும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தூக்கம் ஒரு பரீட்சையாகிவிட்டது. நெசீஹா கூடத்தில் சுவரோரம் கிடந்த நீள மெத்தைக்கு வந்துவிட்டாள். கூடத்துக்குக் கதவு இல்லை, கனமான பழுப்புத் திரை மட்டும். முதல் இரண்டு இரவுகள் அவன் எழுந்து நடக்காமல் கட்டிலிலேயே புரண்டு கிடந்தான். மூன்றாம் இரவு நடை தொடங்கியது.

நான்காம் இரவு அது திரைக்கு வெளியே வந்து நின்றது.

"நெசீஹா. முழிச்சிருக்கியா?"

"இப்படி நடந்தா செத்தவங்களும் முழிச்சுக்குவாங்க. வந்து உக்காரு."

அவன் உள்ளே வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. முழங்காலில் நெட்டி முறியும் ஒலி, முதுகு சுவரில் சரியும் ஒலி, பிறகு நீண்ட, கரகரத்த மூச்சு. ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம். ஜன்னல் மறைப்புகளின் இடுக்கு வழியாகக் கடலின் உப்பும், தூரத்துத் தொழிற்சாலையின் கந்தக வாடையும், எதிர்வீட்டு மல்லிகையும் ஒன்றாகக் கலந்து வந்தன. அதற்கு நடுவில், பற்றவைத்த இரும்பு ஆறும்போது வருமே, அந்த நெடி. அது அவன் மேலிருந்து போய் எத்தனையோ மாதமாகிறது. நெசீஹா அதை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டாள். மணமான புதிதில் அவன் வேலை முடிந்து வரும்போது வந்த வாசம்.

"மூச்ச விட்டா திரும்பி வராதோன்னு இருக்கு," என்றது குரல்.

"வரும். நான் எண்ணறேன், நீ விடு."

திரைக்கு அடியில் ஒரு கை வந்தது. அவள் மெத்தையை விட்டு இறங்கி, தரையில் படுத்து, அதைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன்போலக் குளிர்ந்து கிடந்தது. மருந்து அப்படிச் செய்யும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

பகலில் லம்ஜத் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளும் கேட்கவில்லை. ஆண்பிள்ளைக்கு வெட்கமிருக்கும், இருட்டில் சொன்னது இருட்டிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இன்னொரு காரணமும் இருந்தது. முப்பத்தொரு வருட வாழ்க்கையில் அவன் இப்படி அவளிடம் பேசியதே இல்லை. பகலின் லம்ஜத் தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்தான், உப்புப் போதவில்லை என்றான், மகளோடு போனில் கேலி பேசினான். இரவின் லம்ஜத் திரைக்கு அப்பாலிருந்து தான் பயந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தான். பத்தரை மணி எப்போது ஆகும் என்று அவள் காத்திருக்கத் தொடங்கினாள். தன் கண்கள் குழிவிழுவதும், பாவாடை இடுப்பில் நிற்காமல் போவதும் அவளுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் அவன் வஸீமைப் பற்றிப் பேசினான்.

வஸீம் அவர்களுடைய முதல் பிள்ளை. பதினோரு நாள் இருந்தான். அடக்கத்துக்குப் பெண்கள் மையவாடிக்குப் போகிற வழக்கமில்லை. லம்ஜத்தான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான், வெறுங்கையோடு திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவன் வாயால் அவள் கேட்டதில்லை.

"குழியில வைக்கும்போது," என்றது குரல், "ஒரு கால் துணிக்கு வெளியில வந்துடுச்சு. வலது கால். என் கட்டை விரல் அளவுகூட இல்ல. நான் மறுபடி உள்ள வச்சு மூடினேன். திரும்ப வந்துச்சு. மூணு தடவ. பக்கத்துல இருந்தவங்ககிட்ட நான் சொல்லல."

நெசீஹா அந்தக் கையைத் தன் முகத்தோடு அழுத்திக்கொண்டு அழுதாள். இருபத்தொன்பது வருடமாக அழாமல் வைத்திருந்த அழுகை. விடிந்தபோது தரையிலேயே தூங்கிப்போயிருந்தாள். கன்னத்தில் ஐந்து விரல்கள் பதிந்த தடம் மதியம்வரை சில்லிட்டிருந்தது.

மறுநாள் மாடிப்படியில் கீழ்வீட்டு ரஃபிகா வழிமறித்தாள். கணவனை இழந்தவள், வாய்க்காரி, மனம் தங்கம்.

"உன் புருஷனுக்கு ஒடம்பு தேறுதுன்னு சொன்னாங்க. அல்லாவுக்கு நன்றி. ஆனா நெசீஹா, ராத்திரி என்னடி பண்றீங்க மேல? என் தலைக்கு மேலயே அந்த நடைவழி."

"தூக்கம் வராம நடக்கறான். மன்னிச்சுக்கோ."

"நடந்தா நடக்கட்டும், வேணாங்கல. முன்ன நல்லா நடந்தாரு. அப்புறம் ஒரு கால இழுத்தாரு. நாலு நாளா நடக்கறதே இல்லையே. ஏதோ மூட்டைய இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு." ரஃபிகா குரலைத் தாழ்த்தினாள். "அவரு விழுந்து கிடக்கறாரோ, நீ அசந்து தூங்கறியோன்னு நேத்து மேல வந்து கதவ தட்டலாம்னு இருந்தேன்."

நெசீஹா ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டு மேலே வந்தாள். லம்ஜத் பால்கனியில் நின்று, கீழே போகிற ஒருவனோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு காலிலும் நேராக நின்றிருந்தான்.

செப்டம்பர் நடுவில் மருத்துவமனைக்குப் போனார்கள். புதுப் படம் முதல் நாளே எடுத்தாகிவிட்டது. டாக்டர் இப்திஹால் அதை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, முதல்முறையாக முகம் மலரச் சிரித்தாள்.

"பாதிக்கும் கீழ வந்துடுச்சு, ஸி லம்ஜத். நான் எதிர்பாக்கல, உண்மையச் சொல்றேன்."

லம்ஜத் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். நெசீஹா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் பட்டையைக் கழற்றி கணினியில் சொருகினாள். திரையில் வரிசை வரிசையாகக் கருநீலக் கட்டைகள் எழுந்தன.

"நாப்பத்திரண்டு ராத்திரி. முதல் ரெண்டு ராத்திரி மோசம். மூணாம் ராத்திரிலேர்ந்து பாருங்க. ஏழு மணி நேரம், ஏழே கால், எட்டு. நல்ல ஆழமான தூக்கம். என் நோயாளிங்க யாருக்கும் நான் இப்படிப் பாத்ததில்ல."

நெசீஹா திரையையே பார்த்தாள். "நடுவுல எழுந்து நடந்தா அதுல தெரியுமா?"

"தெரியுமே. ரெண்டு தடவ எழுந்திருக்காரு. ஆகஸ்ட் ஒம்பது, அப்புறம் இருபத்திமூணு. மூணு நிமிஷம், நாலு நிமிஷம். சிறுநீருக்குப் போயிருப்பாரு."

"அது தப்பா காட்டுமா, டாக்டர்? கழட்டி வச்சிருந்தா?"

"கழட்டினா உடனே சொல்லிடும். அதுக்கு நாடித் துடிப்பு வேணும், ஒடம்புச் சூடு வேணும்."

"கேட்டியா," என்று லம்ஜத் அவள் தோளைத் தட்டினான். "நான் சொன்னா ஒரு மாதிரி பாப்பா, டாக்டர். இப்ப என்ன சொல்றே? எந்திரம் பொய் சொல்லுமா?"

டாக்டர் நெசீஹாவை உற்றுப் பார்த்தாள். "நீங்க தூங்கறீங்களா, மதாம்? ரொம்ப இளைச்சிட்டீங்க."

"நான் தூங்கறேன்," என்றாள் நெசீஹா.

கொண்டாட வேண்டும் என்று லம்ஜத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சுட்ட மீன் கடைக்கு இழுத்துப் போனான். மடவை மீன் இரண்டு, வாட்டிய மிளகாய்க் கூட்டு, ரொட்டி. மேசையைச் சுற்றிப் பூனைகள் அலைந்தன. அவன் விரல் வழிய எண்ணெயோடு சாப்பிட்டான். நெசீஹா தன் தட்டிலிருந்த மீனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தது. கேட்காமல் வீட்டுக்குப் போகவும் முடியாது என்று தெரிந்தது.

"அன்னிக்கு வஸீம் பத்திச் சொன்னியே. கால் வெளியில வந்துச்சுன்னு. மூணு தடவ."

அவன் கை ரொட்டியோடு பாதியில் நின்றது. முகத்திலிருந்த ரத்தம் எங்கோ இறங்கிப்போனது.

"யாரு சொன்னா உனக்கு?"

"நீதான்."

"நான் சொல்லல." குரல் சிறுத்துவிட்டது. "எந்த மனுஷன்கிட்டயும் நான் அதச் சொல்லல, நெசீஹா. அன்னிக்குக் கூட இருந்தவன்கூடப் பாக்கல. சாகற வரைக்கும் சொல்லப்போறதும் இல்லன்னு இருந்தேன். யாரு சொன்னா?"

"தூக்கத்துல உளறியிருப்பே," என்றாள் அவள். அவன் நம்பினான். நம்பத்தான் விரும்பினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சாப்பிடத் தொடங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையறை ஜன்னல்களை அடைத்துவிட்டு அவன் மதியத் தூக்கத்துக்குப் போனான். நெசீஹா நடைவழியைப் பார்த்த அடுப்படிக் கதவை விரியத் திறந்து வைத்தாள். கூரை விளக்கு எரிந்துபோய் வெகுநாளாகிறது; மாற்ற மறந்து மறந்து விட்டிருந்தாள். அடுப்படி ஜன்னலிலிருந்து வெயில் ஒரு பட்டையாக வந்து சுவரில் சாய்ந்தது.

சுவரில் கறைகள் இருந்தன.

படுக்கையறைக் கதவுக்குப் பக்கத்தில் முதல் கறை, அவள் தலைக்கு மேலே. உயரமான ஆள் இருமிவிட்டு ஊன்றிய உள்ளங்கை. சாம்பல் நிறம், கொஞ்சம் எண்ணெய்ப் பசை. அடுத்தது தோள் உயரத்தில். அதற்கடுத்தது நெஞ்சுக்கு நேராக. பிறகு இடுப்பு. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல இரவுகளின் தடங்கள், கூடத்தை நோக்கி நகர நகரத் தாழ்ந்துகொண்டே போயின. திரைக்குப் பக்கத்தில் கடைசியாக இருந்ததைப் பார்க்க அவள் குந்த வேண்டியிருந்தது. தரையிலிருந்து ஒரு சாண். அங்கே உள்ளங்கை இல்லை. விரல்கள் மட்டும். சுண்ணாம்பைப் பிறாண்டி, இழுத்துக்கொண்டு போன நான்கு கோடுகள்.

அவள் வாளியில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து தேய்த்தாள். தேய்த்த இடமெல்லாம் ஈரமான இரும்பு நெடி கிளம்பியது. கறை போகவில்லை.

அன்று இரவு தலையணையை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்கு வந்தாள்.

"டாக்டர் தனியா படுக்கச் சொன்னாங்க," என்றான் லம்ஜத்.

"இன்னிக்கு ஒரு நாள். பாதியாயிடுச்சில்ல, பரவாயில்ல."

"ஆசையப் பாரு கிழவிக்கு." சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டான். அவள் படுக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் அவன் தூங்கிவிட்டான். மூச்சு ஆழமாக, ஒரே சீராக, இருமலின் ஒரு நூல்கூடக் கலக்காமல் போய்ப் போய் வந்தது. போர்வை ஏறி இறங்கியது. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அவன் முகம் பத்து வயது குறைந்து கிடந்தது. இந்த முகத்துக்காகத்தான் பிப்ரவரியிலிருந்து தொழுகைக்குத் தொழுகை கையேந்தினாள். ஒருவேளை ஒன்றும் கேட்காது. ஒருவேளை ரஃபிகாவுக்கும் எனக்கும் ஒரே பைத்தியம். கீழே ஏதோ மோட்டார் சைக்கிள் போனது. மேல்வீட்டுக் குழாய் அழுதது. நின்றது.

பதினொன்றரை.

கதவுக்கு வெளியே, மிக அருகில், ஏதோ தரையிலிருந்து தன்னைப் பெயர்த்துக்கொண்டது.

அப்படியென்றால் அது இத்தனை நாளும் இந்தக் கதவின் வாசலில்தான் பகலெல்லாம் கிடந்ததா? அவளால் அந்த எண்ணத்தை முடிக்க முடியவில்லை. இழுபடும் சத்தம். நிற்கும். இழுபடும். நடுவில் இருமல். அந்த இருமல் முன்பு மார்பிலிருந்து வந்தது. இப்போது மார்பே அதுவாக மாறியதுபோல, ஈரமாக, முடிவில்லாமல். பதினோரு அடிக்கு அதற்குக் கால் மணி நேரமானது. பிறகு திரையின் வளையங்கள் கம்பியில் மெல்ல உரசின.

"நெசீஹா. முழிச்சிருக்கியா?"

கூடத்தில் பதில் சொல்ல ஆளில்லை.

"நெசீஹா?"

மெத்தையைத் தடவும் சத்தம். தலையணை இருந்த இடத்தைத் தடவும் சத்தம். மறுபடி, முதலிலிருந்து.

நெசீஹா லம்ஜத்தைப் பார்த்தாள். இங்கே இருக்கிறான். மூச்சு விடுகிறான். அவள் உதடுகள் தாமாகவே அசைந்து, சிறுவயதில் மனப்பாடம் செய்த காவல் வசனத்தைச் சொல்லத் தொடங்கின. பாதியில் நின்றன.

நடைவழியிலிருந்து மீதியை அது சொன்னது. கடைசி வார்த்தைவரை. லம்ஜத் எப்போதும் தவறாக உச்சரிக்கிற அந்த ஓர் இடத்தில், அதே தவறோடு.

இப்போது திரும்பி வருகிறது. வேகமாக.

கதவின் அடி இடுக்கில் வந்துகொண்டிருந்த காற்று நின்றது.

"உள்ள இருக்கியா?"

அவள் நாற்காலியை விட்டுக் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள்.

"மூச்சு கேக்குது. ரெண்டு மூச்சு. யாரு கூட இருக்கே?"

"என் புருஷன்கூட," என்றாள். தன் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவுப் பலகையில் விரல்கள் உரசின.

"அவன் தூங்கறவன்," என்றது. "அவனுக்கு என்ன தெரியும்? உன்கிட்ட ஒரு வார்த்த பேசியிருக்கானா? வஸீம் பத்தி யாரு சொன்னா, அவனா நானா?"

"நீ யாரு?"

"இது என்ன கேள்வி, நெசீஹா." கோபம் இல்லை. களைப்பு மட்டும். "நாந்தான். எனக்குத் தூக்கம் வரல, அவ்வளவுதான். எத்தனை மாசம். முதுகு ஒரு இடத்துல படல. நடந்தேன். கால் போச்சு. முழங்கால்ல போனேன். அதுவும் போச்சு. கொஞ்சம் படுக்கணும். அவன் பக்கத்துல இடம் இருக்கில்ல? ஒதுங்கிப் படுத்துக்கறேன்."

கட்டிலில் லம்ஜத்தின் மூச்சு தடுக்கி விழுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கண் திறக்கவில்லை. ஆனால் நெற்றி வியர்த்திருந்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது, விலாவெலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே உள்ளே போய் ஒட்டியது. பிப்ரவரியின் அந்தப் பழைய இருமல், தொண்டைக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். எழுந்திரு. லம்ஜத். எழுந்திரு. கல்லாகக் கிடந்தான். கதவுக்கு வெளியே ஒரு மூச்சு. உள்ளே ஒரு மூச்சு. வெளியே. உள்ளே. ஒன்றையொன்று தேடிக்கொண்டு நெருங்கின.

தாழ்ப்பாள் அசைந்தது.

"இங்க வேணாம்," என்றாள் நெசீஹா.

"எங்கயாவது, நெசீஹா."

"கூடத்துக்குப் போ. நான் வரேன்."

"பொய் சொல்லமாட்டியே?"

"நான் உன்கிட்ட பொய் சொன்னதில்ல."

அது உண்மை. அதுதான் அவளை எழுப்பி நிறுத்தியது. ஆறு வாரமாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணியவள் அவள்தான். ஓடிப்போனால் அது இங்கேயே படுக்கும். இந்தக் கட்டிலில். அவனுக்குள். லம்ஜத்தின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அவன் நெற்றியில் கை வைத்தாள். பிறகு தாழ்ப்பாளைத் தூக்கி, ஆள் நுழையும் அளவு மட்டும் திறந்து, வெளியே வந்து, பின்னால் சாத்தினாள்.

இருட்டு. இரும்பு நெடி. கணுக்காலில் ஒரு கை. குளிர்.

அவள் நடந்தாள். அது கூட வந்தது. பதினோரு அடி. கீழே பார்க்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் படுக்கையறையில் லம்ஜத்தின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகிச் சீராவதைக் கேட்டுக்கொண்டே போனாள். திரையை விலக்கினாள். மெத்தையில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தாள். முதுகுக்குப் பின்னால் இடம் விட்டாள்.

மெத்தை தாழ்ந்தது.

மெதுவாக. ஒரு பக்கம். பிறகு மொத்தமும். ஆள் எடை இல்லை, அதைவிட அதிகம். ஈரமான துணிபோல ஒரு மார்பு அவள் முதுகில் வந்து ஒட்டியது. முழங்கால்கள் அவள் முழங்கால்களுக்குப் பின்னால் மடிந்து பொருந்தின. முப்பத்தொரு வருடம் லம்ஜத் படுத்த மாதிரியே. இடுப்பின் மேல் ஒரு கை விழுந்தது.

"அப்பாடா," என்றது.

பிடரியில் அதன் வாய். நீண்ட பெருமூச்சு. இருமல் இல்லை. கரகரப்பு இல்லை. சுவருக்கு அப்பால் லம்ஜத் குறட்டை விடத் தொடங்கினான். அவளுக்குப் பின்னால் அதுவும்.

ஜன்னல் இடுக்குகள் வெளுக்கும்வரை நெசீஹா கண் மூடவில்லை. எழுந்துகொள்ளப் பார்த்தாள். கை விடவில்லை. கூப்பிடப் பார்த்தாள், அதற்குக் காற்று வேண்டும். உதடு பிளந்து மூச்சை இழுத்தாள். பாதிவரை வந்தது. மீதியைப் பின்னாலிருந்து, தூக்கத்திலேயே, அது இழுத்துக்கொண்டது.